கட்டிலடிக் காவின்

பிரதேச செயலகத்தில் பென்சன் பிரிவைக் கொண்டுபோய் மேல்மாடியில் வைத்த புத்திசாலி மட்டும் என் கையில் அகப்படட்டும், அப்போது தெரியும் சேதி. வயதாளிகளும் விதவைகளும் என்னைப் போல் கால் வழங்காதவர்களும் வந்து போகிற இடம் அது. படியேறத் தெம்புள்ளவனுக்கு அங்கே என்ன வேலை? சில்வெஸ்டர் அங்கிள் என்னைச் சக்கர நாற்காலியோடு கீழே வேம்பு நிழலில் விட்டுவிட்டு, "கத்தாம இரு பிள்ள, நான் அந்தக் கிளார்க் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று படியேறினார். அவர் என் வாப்பாவோடு பொலிஸில் ஒன்றாக இருந்தவர். பெரியகல்லாற்றுக்காரர். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டோ ஓட்டுகிறார். வாப்பா மௌத்தான நாளிலிருந்து என்னை எங்கே கொண்டுபோவதென்றாலும் அவர்தான்.

கிளார்க் சர்மிலா என் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும். முகத்தைப் பார்த்தாலே நல்லவள் என்று தெரிந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நல்ல செய்தியென்றால் கீழே இறங்கியா வந்து சொல்வார்கள்?

"பஸ்னா, ஒரு சிக்கல் வந்திருக்கு" என்றாள். "நீங்க கல்யாணம் முடிச்ச ஆள் எண்டு கிராம சேவகர் எழுதியிருக்கிறார்."

நான் சிரித்துவிட்டேன். "ஆரு, நானா? மாப்பிள்ளைய ஒருக்காக் காட்டச் சொல்லுங்க. நானும் பாக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. "காவின் பதிஞ்சிரிக்கே. வாப்பா கண்ண மூடுறதுக்கு முன்னுக்கு."

"காவின் எழுதினதுதான். கல்யாணம் எங்க நடந்த?"

இதை வெளியாட்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்கள் பக்கத்தில் காவின் வேறு, கல்யாணம் வேறு. பதிவுகாரர் புத்தகத்தை விரிக்க, பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் சொல்லிக் கையொப்பம் வைத்தால் அது காவின். அதை எழுதி வைத்துவிட்டு மாப்பிள்ளை கட்டாருக்கோ சவூதிக்கோ போய்விடுவான். இரண்டு மூன்று வருடம் உழைத்துவிட்டு வருவான். அப்போது ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, அவனைப் பெண்ணின் வீட்டில் கொண்டுவந்து விட்டால்தான் கல்யாணம்; அதை வீடு கூடுவது என்போம். அதுவரைக்கும் அவள் குமர்தான், கன்னிப்பெண்தான். இடையில் காவின் முறிந்துபோன பெண்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களையும் குமர் என்றுதான் சொல்வோம்.

"சட்டத்துக்கு அப்படியில்ல" என்றாள் சர்மிலா. "பதிஞ்சா முடிஞ்சுது."

சட்டம் வாப்பாவுக்குத் தெரியாத ஒன்று என்றால் என் மனம் ஆறியிருக்கும். என் வாப்பா சார்ஜன்ட் மீராசாஹிப். பென்சன் சட்டம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பனிச்சங்கேணியிலிருந்து கல்லாறு வரைக்கும் பொலிஸ்காரன் எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அவர் அதையெல்லாம் படித்தது எனக்காக. எனக்கு ஏழு வயதிருக்கும்போது என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். தேற்றாத்தீவுப் பக்கத்தில் மாடொன்று குறுக்கே பாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு முதுகெலும்பு. அன்றைக்கு மோட்டார் சைக்கிளை விற்றவர்தான், பிறகு ஓய்வு பெறும்வரை ஸ்டேஷனுக்குச் சைக்கிளில்தான் போனார். சைக்கிள் சார்ஜன்ட் என்று ஊரே பகிடி பண்ணியது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

உம்மா எனக்குப் பதினாறு வயதில் புற்றுநோயில் போனார். அதற்குப் பிறகு வாப்பா என்னைத் தூக்கிக் குளிப்பாட்ட ஒரு பெண்ணை வைத்தார், சமைக்கப் பழகினார், இரவில் என்னைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க எழும்பினார். "நான் மௌத்தானாலும் பயப்படாத மகள். என்ட காக்கிச் சட்ட ஒனக்குச் சோறு போடும்" என்பார். பொலிஸ்காரன் போனால் பென்சன் பெண்சாதிக்கு. பெண்சாதி இல்லையென்றால் பிள்ளைக்கு, அதுவும் குறிப்பிட்ட ஒரு வயதுவரைக்கும்தான். ஆனால் அங்கவீனமான பிள்ளை, கல்யாணம் முடிக்காத பிள்ளை என்றால் சாகும்வரை. அதற்கான வைத்தியச் சான்றிதழைக்கூட நேரகாலத்தோடு எடுத்து வைத்திருந்தார். "கல்யாணம் முடிக்காத" என்ற சொல் வரும்போது மட்டும் குரலை இறக்கிச் சொல்வார். என் மனம் நோகுமாம். எனக்கு நோகவேயில்லை. மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போடுகிற தொல்லை இல்லாமல் பென்சன் வருமென்றால் எந்தப் பெண்ணுக்குக் கசக்கும் என்று கேட்டு அவரைச் சிரிக்க வைப்பேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆசுபத்திரிக் கட்டிலில் புத்தி மாறியது. மாறியது என்று சொல்வதும் பிழை. நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டி, இனி நாட்கள்தான் என்று டாக்டர் சொன்ன பிறகு அவருக்குப் பயம் வந்துவிட்டது. குமரைக் கரையேற்றாமல் போகிறேனே என்று அழத் தொடங்கினார். சார்ஜன்ட் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். பக்கத்து வளவில் இருக்கிற அவருடைய தங்கச்சி ஆயிஷா மாமியைக் கூப்பிட்டு, அவளுடைய மகன் றிப்ஷானைக் கேட்டார். அவன் கட்டாருக்கு டிக்கெட் போட்டுவிட்டு நின்றான்.

"காவின மட்டும் எழுதி வைப்பம்" என்றார் வாப்பா. "இவன் வந்து வீடு கூடினா இவனே பாப்பான். வராட்டி பென்சன் கிடக்கு. ரெண்டு பூட்டுப் போட்டுட்டுப் போறன்."

எங்கள் ஊர்க் கணக்குப்படி அது சரியான கணக்கு. வீடு கூடாதவரை நான் குமர். குமருக்குப் பென்சன் உண்டு. அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை, எல்லாச் சட்டமும் தெரிந்த வாப்பாவுக்கும்தான்.

றிப்ஷான் என்னை வார்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனான். சின்ன வயதிலிருந்து என்னோடு சண்டை பிடித்து வளர்ந்தவன். ஏறாவூரில் அவனுக்கு ஒரு பெண் இருப்பது எனக்குத் தெரியும். படமும் காட்டியிருக்கிறான்.

"மாமா நிம்மதியாப் போகட்டும் பஸ்னா. மறுகா பாத்துக்குவம்" என்றான். கண் கலங்கியிருந்தது.

"நீ போய் ஒன்ட பாட்டப் பாரு. நான் ஒன்ட கழுத்தில தொங்க மாட்டன்" என்றேன்.

வாப்பா என்னைக் கேட்டார். அதைத்தான் நான் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் நிற்கும்போது கேட்டார், ஓம் என்றேன். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "வாப்பாக்காகச் சொல்லாத. விருப்பமில்லாட்டி ஏசிப் போட்டாவது சொல்லு, விட்டுடுவம்" என்றார். அதற்கும் ஓம் என்றேன். கடைசியில் பதிவுகாரர் புத்தகத்தை விரித்து, றிப்ஷானின் கையை வாப்பாவின் கைக்குள் வைக்கப்போகும் நேரத்தில் என் பக்கம் திரும்பினார். குரல் வரவில்லை. புருவத்தை மட்டும் தூக்கினார்.

"நீங்க கேட்டா வாவிக்குள்ள பாயிறதுக்கும் ஓம்தான் வாப்பா. கையொப்பத்த வைங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, சில்வெஸ்டர் அங்கிள் கட்டில் காலடியிலிருந்து ஓடிவந்து முதுகைத் தடவினார். பிறகு வாப்பா கையொப்பம் வைத்தார். என்னிடம் யாரும் கையொப்பம் கேட்கவில்லை. பெண்ணுக்காக வாப்பா வைத்தால் போதும். அது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை வாப்பா போய்விட்டார். முகத்தில் ஒரு கவலை இல்லை.

வேம்பு நிழலில் நான் சர்மிலாவிடம் கேட்டேன். "சரி, நாளைக்கே தலாக் எடுக்கிறன். அவன் குடுப்பான். அப்ப?"

"சரிவராது" என்றாள். "வாப்பா கண்ண மூடுற நேரத்தில நீங்க முடிக்காத ஆளா இருந்திருக்கணும். மறுகா விட்டாலும் முடிச்ச ஆள்தான்."

"அப்ப என்னதான் வழி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்தக் காவினே செல்லாது எண்டு தீர்ப்பு வந்தா, கல்யாணமே நடக்கல்ல எண்டு ஆகும். அது ஒண்டுதான். நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதீங்க." அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. என் கோபத்தை யார்மேல் கொட்டுவது? வேப்பமரத்தின் மேலா?

அன்று பின்னேரம் கட்டாரில் இருக்கும் றிப்ஷானுக்குப் போன் எடுத்தேன். வேலை இடத்திலிருந்து கதைத்தான், பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம்.

"நான் மாசா மாசம் அனுப்புறன்" என்றான்.

"எத்தின காலத்துக்கு? ஏறாவூர்க்காரி வந்த பிறகும் அனுப்புவியா?"

இரும்புச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து, "நான் என்ன செய்யணும் சொல்லு, செய்றன்" என்றான்.

"அதானே. நீ என்னத்தச் செய்வாய், பாவம்" என்று வைத்துவிட்டேன். அவனைத் திட்டுவதற்கும் எனக்கு நியாயம் இல்லை. போ என்று சொன்னதே நான்தான்.

வாப்பாவின் பென்சன் அவரோடு நின்றுவிட்டது. குளிப்பாட்ட வந்த பெண்ணை நிறுத்தியாகிவிட்டது. இப்போது ஆயிஷா மாமிதான் காலையில் வந்து என்னைத் தூக்குகிறாள், குளிப்பாட்டுகிறாள், நாற்காலியில் இருத்துகிறாள். மாமிக்கு இடுப்பு வருத்தம். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது எனக்குத் தெரியும். பென்சன் வந்தால் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாம், யாரிடமும் கையேந்தாமல் என் உம்மாவின் வீட்டில் நான் இருந்துகொள்வேன். வராவிட்டால் மாமி இருக்கும்வரை மாமி. மாமிக்குப் பிறகு யார் என்று நான் யோசிப்பதில்லை.

வழியைக் கண்டுபிடித்ததும் மாமிதான். என் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காதியாரிட்டப் போவம், அவருதானே காவின் வழக்குத் தீர்க்கிற. என்ன ஆரும் கேக்கல்ல, எனக்கு விருப்பமில்ல எண்டு சொல்லு. விருப்பமில்லாமக் கட்டின காவின் செல்லாதாம். கையொப்பம் வச்சது என்ட காக்கா, ஒன்ட வாப்பா. நீயா வச்ச?"

"வாப்பா கேட்டாரு மாமி."

"கேட்டாருதான். எனக்குத் தெரியாதாகா? நானும் அங்கதானே நிண்ட."

"அப்ப வாப்பா புள்ளயக் கேக்காம வித்த மாதிரி நான் போய்ச் சொல்லணுமா?"

மாமி துணியைப் பிழிந்து வாளிக்குள் போட்டாள். "அவரு கபுறுக்குள்ள இரிக்காரு. நீ பொய் சொன்னா அவரு கோவிக்க மாட்டாரு. நீதான் உசிரோட இரிக்காய், மருமகள். நான் எத்தின நாளைக்கு?" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். நான் ஓம் என்றேன். எப்போதும் நான்தான் ஓம் சொல்கிறேன்.

சில்வெஸ்டர் அங்கிளிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பொலிஸ்காரன் பிள்ள. பொய் சாட்சி எத்தினையோ கேட்டிருக்கன். நீ சொல்றதக் கேக்க என்னால ஏலா. நான் வெளியில ஓட்டோவுக்குள்ள இரிக்கன்" என்றார்.

ஆனால் காதியாரின் வீட்டு வாசலிலும் மூன்று படி. எங்கே போனாலும் எனக்குப் படிதான். அங்கிள்தான் நாற்காலியோடு என்னைத் தூக்கி உள்ளே வைத்தார். வைத்தபின் திரும்பிப் போக வழியில்லாமல் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றார்.

காதியார் நடுத்தர வயதுக்காரர். கத்திப் பேசாதவர். "சைக்கிள் சார்ஜன்ட்ட மகளா?" என்று கேட்டார். "நல்ல மனிசன். என்ட சைக்கிள் களவு போனப்ப தேடித் தந்தவரு." பக்கத்தில் ஒருவர் எழுதுவதற்குப் பேனையோடு இருந்தார்.

"சொல்லுங்க மகள். என்ன காரணம்?"

"என்னக் கேக்காம எழுதின காவின். எனக்கு விருப்பமில்ல."

"ஆரும் கேக்கல்லயா?"

"ஆரும் கேக்கல்ல."

"வாப்பா?"

மாமி என் தோளைத் தொட்டாள். எனக்குப் பின்னால் சில்வெஸ்டர் அங்கிள் நிற்பது முதுகில் தெரிந்தது.

"வாப்பாவும் கேக்கல்ல" என்றேன்.

பேனை ஓடியது. நின்றிருந்தவர்களில் ஒரு பெண் ச்சு கொட்டினாள். மௌத்தாகப் போகிற நேரத்தில் பார் அவர் செய்த வேலையை என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு அவளுடைய கன்னத்தில் ஒன்று போடலாம் போல் இருந்தது.

காதியார் எட்டி அந்தத் தாளைப் படித்தார். பிறகு, "கேட்டிருந்தா நல்லம்" என்றார். "கேக்கிறதுதான் முறை. ஆனா மகள், கேக்காட்டியும் இந்தக் காவின் செல்லும். நம்மட மத்ஹபுச் சட்டத்தில குமர்ப் புள்ளய வாப்பாவே பொருத்தமான எடத்தில குடுத்தா அது குடுத்ததுதான். வேற ஆரும் பொறுப்பா நிண்டு குடுத்திருந்தா யோசிக்கலாம். காக்கா குடுத்திருந்தா, மாமா குடுத்திருந்தா. இது வாப்பா. மாப்பிள்ளையும் சொந்த மச்சான். நான் எப்பிடிச் செல்லாது எண்டு எழுத?"

"அவளுக்குப் பென்சன் இல்லாமப் போகுதே!" என்று மாமி கத்தினாள்.

"விளங்குது ராத்தா. தலாக் எண்டா நான் செய்து தாறன். இது என்ட கையில இல்ல."

என்ட கையில இல்ல. சர்மிலா சொன்னதற்கும் இதுதான் அர்த்தம், றிப்ஷான் சொன்னதற்கும் இதுதான் அர்த்தம். யாருடைய கையிலும் இல்லாத ஒன்று என் தலையில் மட்டும் எப்படி வந்து விழுந்தது? எழுதுபவர் முன்னால் இருந்த தாளைப் பார்த்தேன். வாப்பாவும் கேட்கவில்லை என்று மை காயாமல் கிடந்தது. அவரைப் பற்றிச் சபையில் நான் சொன்ன ஒரே ஒரு விசயம் அதுதான். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"அத வெட்டுங்க" என்றேன்.

"எதை?" என்றார் எழுதுபவர்.

"வாப்பா கேக்கல்ல எண்டத. அவரு கேட்டாரு."

மாமி "பஸ்னா" என்றாள். நான் நிறுத்தவில்லை. "கேட்டாரு. மூண்டு தரம் கேட்டாரு. ஏசிப் போட்டாவது சொல்லு எண்டாரு. நான்தான் ஓம் எண்டு சொன்ன. வெட்டுங்க அத!"

"எழுதினத வெட்டேலா" என்றார் அவர். காதியாரைப் பார்த்தார்.

காதியார் கண்ணாடியைக் கழற்றினார். "முந்திச் சொன்னது உண்மையா, இப்ப சொல்றது உண்மையா மகள்? இப்பிடி மாத்தினா நாளைக்கு நீங்க எங்க போய் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"நம்பாட்டிப் போகட்டும். கீழயாவது எழுதுங்க. எங்கட வாப்பா என்னக் கேட்டாரு எண்டு எழுதுங்க."

அப்போது எனக்குப் பின்னால் சில்வெஸ்டர் அங்கிள் தொண்டையைச் செருமினார். ஸ்டேஷனில் அறிக்கை கொடுப்பதுபோல் நிமிர்ந்து நின்றிருப்பார், குரலிலேயே தெரிந்தது. "ஓம் ஐயா. கேட்டவர். நான் கட்டில் காலடியில நிண்டனான். நான் கண்டது ரெண்டு தரம்."

"நடுவில உங்கள வெளியில அனுப்பிப் போட்டுக் கேட்டாரு" என்றேன்.

"அப்ப மூண்டுதான்" என்றார் அங்கிள்.

காதியார் தலையசைத்தார். எழுதுபவர் கீழே ஒரு வரி எழுதினார். அது என் வழக்குக்கு எதிரான வரி என்று அவர் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மாமி என்னோடு பேசவில்லை. வாவிப் பக்கமிருந்து உப்புக் காற்று அடித்தது. அங்கிள் ஓட்டோவைப் பள்ளம் மேடு பார்த்து மெல்ல ஓட்டினார். வாசலில் அவர் என்னை நாற்காலியோடு இறக்கி உள்ளே வைத்துவிட்டு, "நான் கொழும்புப் பென்சன் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாக்கிறன் பிள்ள" என்றார். அதற்கு என்ன பதில் வரும் என்று அவருக்கும் தெரியும். நானும் ஓம் அங்கிள் என்றேன்.

அவர் போன பிறகு மாமி என்னைக் கட்டிலுக்குத் தூக்கினாள். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவளுடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னைத் திரும்ப நாற்காலியில் வைத்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி குனிந்து நின்று மூச்சு வாங்கினாள். வலியில் அவளுடைய மேலுதடு வேர்த்திருந்தது. பிறகு இரண்டாம் தரம் தூக்கிக் கட்டிலில் போட்டு, தலையணையைச் சரிசெய்து, என் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தாள்.

"கோவமா மாமி?"

"சும்மா இரிகா. காக்கா கேட்டாருதானே. கேட்டத இல்ல எண்டு சொல்லேலுமா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

"மாமி" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பினாள். "நாளைக்கும் வருவீங்கதானே?"

இத்தனை காலத்தில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. வாப்பா கேட்க விட்டதில்லை.